குப்பைக்கூடையில் நானூற்று முப்பத்தொரு பேர்

டின்காவின் நாத்தனார் பஸ்ஸில் கேட்டுக்கொண்டு வந்த செய்தி அது. பஸ்ஸில் சொன்னவளுக்கு அதை யார் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. டான்யூப் ஆற்றங்கரை லோம் நகரத்தில் அஞ்சலித் தாள் அச்சடிக்கிற ருமியானாவின் கம்ப்யூட்டர், செத்துப்போனவர்கள் அத்தனை பேரையும் விழுங்கிவிட்டதாம். இருபத்தைந்து வருஷத்து முகங்களில் ஒன்றுகூட மிச்சமில்லையாம்.

டின்கா இதை ருமியானாவிடமே சொன்னாள், தன் பலகாரக் கடையில், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சாவைச் சூடாகக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே.

"ஊரெல்லாம் உன் பேச்சுதான். ஒரு ஆள்கூட தங்கலையாமே?"

"எல்லாரும் இருக்காங்க."

"மெஷின் செத்துப்போனது நெசந்தானே?"

"மெஷின் செத்துச்சு. ஏற்கெனவே செத்தவங்க இன்னொரு தடவை எப்படிச் சாவாங்க?"

"அப்ப மெஷினுக்கும் ஒரு தாள் அடிச்சு ஒட்டு. மறக்காம கோட்டை மாட்டிவிடு."

ருமியானா சிரித்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதுவும் இந்தக் கோட்டுக் கிண்டலுக்கு வயது இருபதுக்கு மேல்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. மாவட்டப் பத்திரிகையின் அச்சகத்தில் பக்கம் கட்டுகிறவளாக இருந்தவள். பத்திரிகை நின்றபோது, ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிரே காலியாகக் கிடந்த செருப்புத் தைக்கும் கடையைப் பிடித்து ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வைத்துக்கொண்டாள். மழைக்காலத்தில் இன்றும் சுவரிலிருந்து தோல்பசை வாசனை வரும். அந்த ஊரில் ஒருவர் இறந்தால் ஒரு தாளோடு முடிவதில்லை. இறந்த அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, வருஷம் திரும்பினால் ஒன்று. அதன் பிறகு நினைக்க ஆள் உள்ளவரை ஆண்டுக்கொன்று. கறுப்புக் கட்டத்துக்குள் முகம், கீழே நாலு வரி. வீட்டுக் கதவு, கேட், மின்கம்பம், பஸ் நிறுத்தம் என்று ஒட்டுவார்கள். ஒட்டியதை யாரும் கிழிப்பதில்லை. மழைதான் கிழிக்க வேண்டும்.

கோட்டு விஷயம் இதுதான். ஆண்களின் படம் பெரும்பாலும் கல்யாண விருந்தில் எடுத்ததாகவோ திராட்சைத் தோட்டத்தில் சட்டையில்லாமல் நின்றதாகவோ இருக்கும். அப்படியே போடக் குடும்பத்துக்கு மனம் வராது. அதனால் ருமியானா தன் கணவன் கிரிலின் கல்யாணக் கோட்டைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, கழுத்துக்குக் கீழே அதைப் பொருத்திவிடுவாள். லோமின் ஆண்களில் பாதிப் பேர் கிரிலின் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தார்கள். கிரில் நன்றாகத்தான் இருக்கிறார். கோட்டுதான் அவருக்கு இப்போது வயிற்றில் மூடுவதில்லை.

தொழில் தொடங்கிய இரண்டாம் வருஷம் ஒரு தப்பு நடந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் இடம் குறைச்சல். நாற்பதாம் நாள் தாள் அச்சாகிப் போனதும் படத்தை அழித்துவிடுவது அவள் வழக்கம். ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவனின் அம்மா ஆறாம் மாதம் வந்து நின்றாள். மூலப் படம் எங்கே என்று கேட்டதற்கு, அவன் சட்டைப்பையிலேயே வைத்துப் புதைத்துவிட்டேன், உன்னிடம்தான் இருக்கிறதே என்று நினைத்தேன் என்றாள். ருமியானா ஒரு மணி நேரம் தேடுவதுபோல நடித்தாள். அந்த அம்மாள் திட்டவில்லை. "அப்படியே அடிச்சுக் கொடு" என்றாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை நீள்வட்டத்தோடு அந்தத் தாள் அந்த அம்மாளின் குடியிருப்பு வாசலில் இரண்டு வருஷம் ஒட்டியிருந்தது. வெயிலில் கட்டம் பழுப்பானது, நடுவில் இருந்த வெள்ளையும் பழுப்பானது. கடைக்குப் போக வேறு பாதை இல்லை. தினமும் ருமியானா அதைத் தாண்டித்தான் போனாள்.

அதிலிருந்து அவள் யாரையும் அழித்ததில்லை.

ஆனால் பெயர்ப்பட்டியல் நீண்டுகொண்டே போனது. மூவாயிரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிள்ளைகள் ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள், தாள் கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஐந்து வருஷம் யாரும் கேட்காதவர்களை எங்காவது ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. தனி ஃபோல்டர் போடலாம்தான். அதற்கு என்ன பெயர் வைப்பது? 'கேட்பாரற்றவர்கள்' என்றா? ஒரு மனிதனைத் தூக்கி அப்படி ஒரு தலைப்புக்குக் கீழே போட அவளுக்குக் கை வரவில்லை. திரையின் மூலையில் ஒரு குப்பைக்கூடை இருந்தது. அதில் போட்டால் பட்டியலிலிருந்து நீங்கும், ஆனால் காலி செய்யாதவரை எங்கும் போகாது. யாராவது திரும்பிக் கேட்டால் கூடையைத் திறந்து பெயர்மேல் அமுக்கினால் போதும், ஆள் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துவிடுவார். இத்தனை வருஷத்தில் பதினொரு பேரை அப்படி எழுப்பியிருக்கிறாள். கூடையின் கொள்ளளவைப் பெரிதாக்கிக் கொடுத்தது கம்ப்யூட்டர் ரிப்பேர்க்கார பிளாமென். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கடையில் வேறு யாரும் அதில் கைவைத்துவிடக் கூடாதென்று திரையின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள்: கூடையைத் தொடாதே.

அக்டோபர் கடைசியில் மின்சாரம் போய், வந்து, மறுபடி போனது. கருகிய வாடை வந்தது. கம்ப்யூட்டரும் அதற்குள் இருந்த டிஸ்க்கும் ஒன்றாகப் போய்விட்டன. ருமியானா பதறவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கறுப்பு டிஸ்க்கைச் செருகி எல்லாவற்றையும் நகலெடுத்து வைப்பாள். அதையும் ஏற்பாடு செய்து கொடுத்தது பிளாமென்தான்.

திங்கட்கிழமை அவன் புது கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, நகலிலிருந்து பழையபடி எடுத்துப் போட ஆரம்பித்தான். நாற்பது வயது, வாய் ஓயாது, பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். வேலை தொடங்கிய சில நிமிஷங்களிலேயே நின்றுவிட்டது. 'அனுமதி இல்லை, முப்பது விநாடி காத்திருக்கிறேன்' என்று திரை எழுதியது. முப்பது விநாடி கழித்து மறுபடி அதையே எழுதியது.

"யார்கிட்ட அனுமதி கேக்குது?" என்றாள் ருமியானா.

"அதுகிட்டயே அது கேக்குது. நம்ம ஊர் நகராட்சி மாதிரி." அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "கம்ப்யூட்டர் தனக்குன்னு சில ஃபோல்டரை ஒளிச்சு வச்சிக்கும் அக்கா. உங்க கண்ணுக்குத் தெரியாது. முழுசா நகல் எடுக்கறப்ப அதுவும் கூடவே வந்துடுது. இப்போ திருப்பிப் போடப் போனா, இது என்னுது, நீ யாருன்னு மல்லுக்கு நிக்குது."

"எத்தனை தடவை கேக்கும்?"

"நாம விட்டா பத்து லட்சம் தடவை கேக்கும். அது சலிக்காது, நமக்குத்தான் ஆயுசு பத்தாது."

செவ்வாய்க்கிழமை அவன் வேறு வழி பார்த்தான். ஒளிந்திருக்கும் ஃபோல்டர் எதுவும் வேண்டாம், மற்றதை மட்டும் எடு என்று கட்டளை கொடுத்தான். மதியத்துக்குள் முடிந்தது. பட்டியல் வந்தது, முகங்கள் வந்தன, கோட்டுகள் வந்தன. ருமியானா மேலிருந்து கீழே ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். பழைய நகலில் குப்பை சேர்ந்திருக்கிறது, துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று சொல்லி அவன் கறுப்பு டிஸ்க்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான்.

புதன்கிழமை காலையில் டின்காவிடம் அவள் அவ்வளவு தெம்பாகப் பேசியது அதனால்தான்.

கடையைத் திறந்து பனித்சாவைப் பிரிப்பதற்குள் போன் அடித்தது. வெளிநாட்டு எண்.

"அக்கா, நான் நெவெனா பேசறேன், வலென்சியாவுலேர்ந்து. அஸ்பாருக் பொண்ணு. ஞாபகம் இருக்குதா?"

"கிரேன் அஸ்பாருக். கோட்டு வேணாம்னு சொன்னீங்களே, கோடு போட்ட பனியனோட இருப்பார்."

"அவர்தான். இங்க நம்ம ஊர்க்காரங்க குரூப்புல என்னென்னவோ எழுதறாங்க. அப்பா இருக்காராக்கா?"

"இருக்கார்."

பார்க்காமலே சொல்லிவிட்டாள். நாக்கு முந்திக்கொண்டது.

"வீட்டை வித்தப்போ ஆல்பத்தைப் பரண்மேலயே விட்டுட்டேன். வாங்கினவங்க எல்லாத்தையும் எரிச்சுட்டாங்க. உங்ககிட்ட இருக்கறது ஒண்ணுதான். ஆறு வருஷமா நான் ஒண்ணும் பண்ணல. வேலை போச்சு, அப்புறம் உங்களுக்குப் போன் பண்ணவே வெக்கமா இருந்துச்சு. இந்த நவம்பரோட பத்து வருஷம். சனிக்கிழமை பழைய வீட்டு கேட்ல இருந்தாப் போதும், நீங்க ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க."

அந்த வாரச் சனிக்கிழமை இறந்தவர்களின் சனிக்கிழமை. ஊரே வேகவைத்த கோதுமையை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகும் நாள்.

"சரிம்மா."

"இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்கக்கா. தாங்கிக்குவேன். பொய் மட்டும் வேணாம்."

"இருக்கார்னு சொன்னேன்ல."

போனை வைத்தாள். பட்டியலில் அஸ்பாருக் இல்லை. இருக்கவும் மாட்டார், போன வருஷந்தான் அவரைக் கூடைக்கு மாற்றியிருந்தாள். கூடையைத் திறந்தாள். வெள்ளையாக, ஒன்றுமில்லாமல் இருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தாள். பிறகு பிளாமெனைக் கூப்பிட்டாள்.

"கூடை காலியா இருக்கு பிளாமென்."

"புது மெஷின்ல காலியாத்தான் இருக்கும். வீடு மாத்தறப்ப யாராச்சும் குப்பையையும் தூக்கிட்டுப் போவாங்களா?"

"அதுல நானூத்தி முப்பத்தோரு பேர் இருந்தாங்க."

அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். பின்னால் பள்ளிக்கூடத்து மணி அடித்தது.

"யாருக்கா மனுஷங்களைக் குப்பையில வைப்பாங்க?"

"நான் வச்சேன். டிஸ்க்கைத் துடைச்சிட்டியா?"

"காலையில துடைக்கப் போட்டுட்டுத்தான் இங்க வந்தேன். இந்நேரம் முடிஞ்சிருக்கும். நீங்க என் கடைக்கு வாங்க, நானும் வரேன்."

டான்யூப் பக்கமிருந்து பனி ஏறிக் கிடந்தது. தபால் நிலையத்தைத் தாண்டிய பிறகு எதிரே வருகிறவர் யாரென்றே தெரியவில்லை. இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள். பதில் சொன்னாளா என்று அவளுக்கு நினைவில்லை. வெள்ளை நீள்வட்டம் ஒன்று கூடவே வந்துகொண்டிருந்தது. காலமெல்லாம் கிரேன்மேல் உட்கார்ந்து கப்பல் சரக்கு இறக்கிய ஆளுக்கு இப்போது முகம் இல்லை, அதுவும் தன்னால். நானூற்று முப்பது பேரைப் பற்றி அப்புறம் நினைக்கலாம் என்று தோன்றியது. அவர்களைக் கேட்டு யாரும் போன் செய்யவில்லை. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

பிளாமென் அவளுக்கு முன்பே சைக்கிளில் வந்து தன் கடையைத் திறந்துகொண்டிருந்தான். மேஜைமேல் நேற்றுச் சாப்பிட்ட கெபாப்சே தட்டு, அதன் பக்கத்தில் கறுப்பு டிஸ்க், அதிலிருந்து ஒரு வயர். திரையைத் தட்டி எழுப்பினான். நடுவில் சின்னதாக ஒரு பெட்டி நின்றுகொண்டிருந்தது: 'இந்த டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். உறுதிதானா?'

அவன் பட்டனை அமுக்கிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். மெஷின் திருப்பிக் கேட்டதைப் பார்க்கவே இல்லை. காலை ஏழரையிலிருந்து அது அந்தக் கேள்வியோடு காத்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம்னு சொல்லு" என்றாள் ருமியானா.

"சொல்றேன் சொல்றேன். கையை எடுங்கக்கா, மறைக்குது."

"மறைக்கல, நீ அமுக்கு."

ஒளிந்திருப்பவற்றைக் காட்டு என்று கட்டளை கொடுத்ததும் சாம்பல் நிறத்தில் சில ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரிந்தன. கூடையின் நகலும் அதில் ஒன்று. திறக்கப் போனால் அனுமதி இல்லை என்றது. பிளாமென் கால்மணி நேரம் மல்லுக்கட்டி அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். உள்ளே முகங்கள் இருந்தன. பெயர்கள் இல்லை. கூடையில் விழுகிற ஃபைலுக்குக் கம்ப்யூட்டர் தானாக ஏதோ எழுத்தும் எண்ணும் சேர்த்துப் பெயர் வைத்துவிடுகிறது, பழைய பெயரை இன்னொரு குட்டி ஃபைலில் எழுதி வைத்துக்கொள்கிறது என்றான் அவன். "பழைய மெஷின்ல அதுவே ரெண்டையும் சேர்த்துக் காட்டும். இங்க அதுக்கு இவங்களைத் தெரியாது. ஒவ்வொண்ணா நாமதான் திறந்து பாக்கணும்."

"எதுக்கு? எனக்குத் தெரியுமே."

அவன் நம்பவில்லை. முதல் முகத்தைக் காட்டினான்.

"துடோர்கா, ரொட்டித் தொழிற்சாலை. ரெண்டு பொண்ணுங்க, ஒருத்தி மியூனிக்."

அவன் குட்டி ஃபைலைத் திறந்தான். துடோர்காதான். அடுத்ததைக் காட்டினான்.

"வேலிச்கோ. குதிரை வச்சிருந்தார். கோட்டு நம்மளுது."

"எல்லாருக்குமே கோட்டு உங்களுதுதானே. முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

"முகத்தைப் பாத்துத்தான் சொல்றேன். காதைப் பாரு, குதிரை கடிச்சது."

முதல் ஐம்பது பேர் வரை அவன் ஏதாவது கேலி சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அவனுடைய எட்டாம் வகுப்பு வாத்தியார் வந்தார். அவர் இறந்ததே அவனுக்குத் தெரியாது. அதற்கப்புறம் திரையைப் பார்த்துக்கொண்டு பெயரைத் தட்டச்சு செய்வதோடு நிறுத்திக்கொண்டான். நூற்று அறுபதாவதோ எழுபதாவதோ, கோடு போட்ட பனியன் வந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு, பின்னால் கிரேனின் இரும்புக் கால் ஒன்று தெரிய, அஸ்பாருக்.

ருமியானா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இவர்தானா?" என்றான் பிளாமென்.

"இவர்தான். அடுத்ததைப் போடு."

அன்றைக்கும் மறுநாளும் சேர்த்து எல்லோருக்கும் பெயர் போட்டு முடித்தார்கள். ஒரே ஒருவரை மட்டும் அவர் தம்பி பெயரில் சொல்லிவிட்டாள். இனி இவர்களைக் கூடையில் போட முடியாது, சாதாரண ஃபோல்டர் வேண்டும், அதற்குப் பெயரும் வேண்டும் என்றான் பிளாமென்.

"என் பேரையே போடு."

"ருமியானான்னா?"

"ஆமா. கேக்க ஆளில்லாதவங்க என் கணக்குல இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை காலையில் தாள் தயாரானது. கறுப்புக் கட்டம், பனியன், 'பத்து ஆண்டுகள் நீங்கள் இல்லாமல்' என்று மேலே ஒரு வரி, கீழே மகள் நெவெனாவின் பெயர். பனியில் நனையாமலிருக்க பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டாள். போகிற வழியில் டின்காவின் கடை.

டின்கா இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ருமியானா, இது நெசமா? நீ எல்லாரையும் குப்பைத்தொட்டியில போட்டு வச்சிருந்தியாமே."

"யார் சொன்னது?"

"பிளாமென் நேத்து வந்து வேடிக்கையாத்தான் சொன்னான். உன்னை உசத்தித்தான் சொன்னான், எல்லார் பேரையும் மனப்பாடமா சொன்னாங்கன்னு. ஆனா பின்னால நின்னவங்க காதுல விழுந்தது குப்பை மட்டும்தான். சாயங்காலமே குரூப்புல போட்டுட்டாங்களாம். என் மாமியாரும் அதுல இருந்தாங்களான்னு என் நாத்தனார் கேக்கறா."

"உன் மாமியார் பட்டியல்ல இருக்காங்க. நீதான் வருஷா வருஷம் வர்றியே."

"அதான் நானும் சொன்னேன்." டின்கா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா குப்பைங்கறது என்ன வார்த்தைடி?"

ருமியானாவுக்கு விளக்கத் தோன்றவில்லை. கூடையில் போட்டது தூக்கியெறியத்தான் என்று நினைக்கிறவர்களிடம், தூக்கியெறியக் கூடாதென்றுதான் போட்டேன் என்று எப்படிச் சொல்வது? பொட்டலம் வாங்காமலே நடந்தாள்.

ஆற்றோரத் தெருவில் பழைய வீடு. இப்போது இருப்பவர்கள் பச்சைச் சாயம் அடித்திருந்தார்கள். வீட்டுக்காரர் வெளியே வந்து தாளைப் பார்த்துவிட்டு, கேட்டில் கம்பி கட்டத் தானே ஒரு குறடு எடுத்துக்கொண்டு வந்தார். இந்த வீட்டுக்காரரா இவர் என்று கேட்டார். ஆமாம் என்றாள். நல்ல முகம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆல்பத்தை எரித்தவரும் இவராகத்தான் இருக்க வேண்டும். அவள் அதைக் கேட்கவில்லை.

போனில் இரண்டு படம் எடுத்தாள். ஒன்று தாள் மட்டும், ஒன்று கேட்டோடு சேர்த்து. இரண்டையும் நெவெனாவுக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததற்கான இரண்டு குறிகள் உடனே விழுந்தன. பார்த்ததற்கான நீலம் வரவில்லை. கேட்டுக்கு எதிரே இருந்த திண்டில் உட்கார்ந்து பத்து நிமிஷம் காத்திருந்தாள். அப்புறம் இன்னும் பத்து நிமிஷம். வலென்சியாவில் இப்போது மணி பத்தரை. வேலையில் இருப்பாள். வேலை கிடைத்துவிட்டதா என்று தான் கேட்கவே இல்லையே. நேற்றுச் சாயங்காலம் குரூப்பைப் பார்த்திருப்பாளா?

என்ன சொல்வதென்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இருக்கார்னு சொன்னப்போ எனக்கே தெரியாதும்மா, பார்க்காமத்தான் சொன்னேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். கூடை எதற்கு என்பதை அப்புறம் சொல்லலாம். ரயில்வேக்காரனின் அம்மாவிலிருந்து ஆரம்பித்தால் ஒருவேளை புரியும்.

பெயரை அமுக்கிப் போனைக் காதில் வைத்தாள். ஸ்பெயின் போன்களின் நீண்ட மணிச் சத்தம், நடுவில் அதைவிட நீண்ட இடைவெளி. எதிரே பிளாஸ்டிக் உறைக்குள் அஸ்பாருக் கண்ணை இடுக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது மணி அடித்தது. ஐந்தாவது. ருமியானா போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.